கூரைக்கு வேர்க்குமாம்

தகுதி என்ற சொல்லை அந்த ஊர் ஒரு மாதமாக வெற்றிலை போல மென்றுகொண்டிருந்தது. மென்று மென்று சக்கையான பிறகும் துப்ப மனம் வரவில்லை.

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் அனுப்பும் ஊர்களில் அதுவும் ஒன்று. எண்பத்தாறாம் ஆண்டு, வெளிநாட்டுச் சபை ஒன்று அந்த ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு விதைவெங்காயம் கட்டித் தூக்கித் தொங்கவிட ஒரு கொட்டகை போட்டுத் தர முன்வந்தது. சுவர் எழும்பிவிட்டது. மரமும் ஏறிவிட்டது. கூரைக்கு வந்தது சாதாரண நெளித்தகரம் அல்ல. ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு நீளமான, விலாவெலும்பு போல மேடு ஓடிய புதுமாதிரித் தகரம். ஒவ்வொரு தகரத்தின் கரையும் அடுத்ததின் கரைமேல் கவிழ்ந்து பூட்ட வேண்டும். தகரத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. இந்த வேலை தெரிந்த, தகுதியான கொந்தராத்துக்காரரைக் கொண்டுதான் கூரை போடவேண்டும். இன்னொன்று, கூரை முடிந்ததும் சங்கத்து ஆட்கள் எல்லோரும் தங்கள் விதைவெங்காயத்தை அங்கேதான் தூக்கவேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனைக்குத்தான் குணலட்சுமி பயந்தாள். அவளுடைய புருசன் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் இருந்தவன். திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சியது மூன்று பரப்புத் தோட்டமும், ஒழுகும் கிடுகு வீடும், அந்த வருடம் பிடி பிடியாகக் கட்டி வைத்திருந்த விதைவெங்காயமும்தான். மார்கழியில் அதை நட்டால் அவள் தோட்டக்காரி. நடாவிட்டால் அடுத்தவன் தோட்டத்தில் குனிந்து வெங்காயம் கிண்டும் கூலிக்காரி. இடையில் வேறு நிலை கிடையாது.

சங்கத் தலைவர் அருளம்பலம் அவளுக்குப் பெரியப்பா. அவர் வீட்டு விறாந்தையில் கூட்டம் என்றால் தேத்தண்ணி ஊற்ற அவள் வந்துவிட வேண்டும். அன்றைக்கும் வந்திருந்தாள்.

இளவாலையிலிருந்து சிமியோன் என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, களிசான், வாய் நிறைய வெற்றிலை. கொழும்புத் துறைமுகத்துப் பண்டகசாலைகளுக்கு இதே மாதிரித் தகரம் போட்டவர். கலவரத்தில் பட்டறை எரிந்து ஊருக்கே திரும்பி வந்தவர். அடக்கம் என்பது அவர் பக்கத்தால் போனதில்லை. இருக்கச் சொல்ல ஆளில்லாததால், தானே விறாந்தைச் சீமெந்துக் கட்டின்மேல் ஏறி இருந்தார். அருளம்பலத்தாரின் முகம் அங்கேயே கோணிவிட்டது.

"தம்பி இளவாலையிலை எவடம்?"

"கோயிலுக்குப் பின்னாலை, ஐயா."

"அங்கை ஆற்றை ஆக்கள்?"

"அந்தோனியாற்றை ஆக்கள்."

"எந்த அந்தோனி?"

"ஒரு அந்தோனியார்தானே ஐயா. கையிலை குழந்தையேசுவோடை நிக்கிறவர்."

சங்கத்துக் காரியதரிசி முருகேசு சிரிப்பை இருமலாக மாற்றினார். தலைவர் சிரிக்கவில்லை. தகரத்தைப் பற்றி ஒரு கேள்வி வருமென்று குணலட்சுமி யன்னலோடு நின்று காத்திருந்தாள். வரவில்லை. தகப்பன் பெயர் வந்தது. தாய்வழி வந்தது. பெண் எடுத்த ஊர் வந்தது. சாதி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காமல், சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சிமியோனே கூரைக் கதைக்கு வந்தார். "முகடு வடக்குத் தெற்காய்க் கிடக்கு. ஐப்பசி மழை வாடைக்காத்தோடை வடகிழக்காலை அடிக்கும். அப்ப முதல் தகரம் தெற்குக் கரையிலை விழவேணும். அங்கையிருந்து வடக்காலை மூடிக்கொண்டு வரவேணும். மாறிப் போட்டியள் எண்டால் ஒவ்வொரு மூட்டும் காத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிக்கும்."

"தெற்கிலையோ?" அருளம்பலத்தார் நிமிர்ந்தார். "யமன்ரை திக்கிலையோ துவங்கிறது? நாங்கள் கட்டிறது கொட்டகை, ஐசே. செத்தவீட்டுப் பந்தல் இல்லை. எங்கடை வழமை ஈசான மூலை."

"உங்கடை வழமை காத்துக்குத் தெரியாதே, ஐயா."

அந்த நேரம் உள்ளே பெரியம்மா நல்லம்மா அடுக்களைத் தட்டுக்குக் கீழே குனிந்து எதையோ தேடினாள். எடுத்தது ரின்பால் வந்த ஒரு தகரப் பேணி. கோழிக்குத் தவிடு அள்ளும் பேணி. அதை நீரில் ஒரு தடவை அலம்பிவிட்டு அதற்குள் தேத்தண்ணியை ஊற்றினாள்.

"பெரியம்மா, கிளாஸ் இருக்கே."

"இருக்கு. பிறகு அந்தக் கிளாஸை என்ன செய்யிறது? எறியிறதோ? கொண்டு போ."

பேணியின் விளிம்பில் தவிட்டு உமி ஒன்று ஒட்டியிருந்தது. குணலட்சுமி அதைப் பெருவிரலால் துடைத்தாள். துடைத்த இடத்தில் துருவின் கோடு தெரிந்தது. கொண்டுபோய் வைத்தாள். மற்றவர்களுக்குப் பூப்போட்ட கிளாஸ், சிமியோனுக்குத் தகரப் பேணி. வெறும் தட்டத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திரும்பவும் யன்னலோடு போய் நின்றாள்.

சிமியோன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பேணியை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், முற்றத்துக் குரோட்டன் அடியில் மெதுவாக ஊற்றினார். பிறகு பேணியைக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் தகரத்திலை ஏறுவன், ஐயா. தகரத்திலை குடிக்கமாட்டன்."

மோட்டார் சைக்கிளின் சத்தம் அந்த ஒடுங்கிய ஒழுங்கையின் முடிவில் கரைந்தது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். வாய்க்கொழுப்பு என்றார் தலைவர். கொழும்புப் பழக்கம் என்றார் முருகேசு. நல்லம்மா மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் இருந்த கட்டின்மேல் தெளித்தாள். தெளித்த தண்ணீர் வழிந்து எல்லோருடைய செருப்புகளுக்கும் கீழே ஓடியது. செருப்பை யாரும் எடுத்து வைக்கவில்லை.

தகுதியானவர் அடுத்த கிழமையே கிடைத்தார். வெளியில் தேடவும் தேவைப்படவில்லை. அருளம்பலத்தாரின் மகளைக் கட்டிய குலேந்திரன். உரும்பிராயில் இரண்டு குளியலறையும் ஒரு கிணற்றுக் கட்டும் கட்டியவர். களிசான் பட்டியில் எப்போதும் ஒரு அளவு நாடா கொழுவியிருக்கும். அதை இழுத்து விடும்போது வரும் "சர்க்" என்ற சத்தம்தான் அவருடைய படிப்பு. யாரும் அவரிடம் ஆற்றை ஆக்கள் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அதோடு அவர் ஊரின் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்பது, பந்தியில் இருப்பவரின் இலையை இழுப்பது போன்றது.

நல்லநேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வடகிழக்கு மூலையில் முதல் தகரத்தை வைத்தார்கள். அதன் கரைமேல் அடுத்தது. அதன்மேல் அடுத்தது. வடக்கிலிருந்து தெற்குக்கு. பாதி வேலையில் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலி வந்தது. புதுத் தகரம் வெயிலில் கண்ணாடி போல மின்னியதால் அது இரண்டு சுற்றுச் சுற்றியது. கூரையில் நின்றவர்களில் முதலில் குதித்து வாழைக்குள் போனவர் மாப்பிள்ளை. போகும்போது விட்ட மூட்டுகளைத் திரும்பி வந்து பூட்டினாரோ என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையாகாது.

ஆவணியில் குணலட்சுமி தன் விதைவெங்காயத்தைக் கொண்டுபோய்த் தூக்கினாள். கொட்டகையின் வடக்குக் கரை அவளுக்குக் கிடைத்தது. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். திறப்பு தலைவரின் வேட்டி மடியில் போயிற்று.

ஐப்பசி பிறந்தது. மழை வாடைக்காற்றோடு வந்தது. மூன்றாம் நாள் அவள் கொட்டகைப் பக்கமாகப் போனபோது கதவின் கீழிருந்து ஒரு மணம் வந்தது. முதலில் அது புளித்த மாவின் மணம்போல இருந்தது. இரண்டு நாளில் செத்த எலியாக மாறியது. அடுத்த கிழமை அதற்கு ஒப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அழுகின வெங்காயத்தின் நாற்றம் மூக்கோடு நிற்காது. நாக்கில் படியும். கண்ணைக் கரிக்கும். தலைமயிருக்குள் புகுந்து படுக்கைக்கும் கூட வரும்.

"பெரியப்பா, திறப்பைத் தாங்கோ. வெங்காயம் பழுதாகுது."

"ஆர் சொன்னது?"

"மணக்குதே."

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."

அவருடைய வீட்டு வேலிக்கும் கொட்டகைக்கும் இடையில் ஒரு முருங்கைதான் நின்றது. அவள் முருகேசுவிடம் போனாள். "எனக்குத் தடிமன், பிள்ளை" என்று சால்வையால் மூக்கைப் பொத்தினார். தடிமன் இல்லாத மூக்கைத்தான் அப்படிப் பொத்துவார்கள். சங்கத்தில் எல்லோருடைய விதையும் அதற்குள்ளேதான் கிடந்தது. எல்லோரும் கொட்டகையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து நடந்தார்கள். தாண்டியபின் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நாற்றத்தைவிட அவர்கள்தான் தாங்கமுடியாமல் இருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவார்," என்றார் அருளம்பலத்தார் கடைசியில். "அவர் பார்க்கட்டும். அதுக்கு முதல் கதவைத் திறந்து ஆரும் நொட்டை சொல்ல நான் விடன்."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். வந்தவர் கொட்டகைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் போனார். நண்டுக் குழம்பு, இறால் வறுவல், முருங்கையிலைச் சுண்டல். சமைக்கக் குணலட்சுமியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சோற்றுத் தட்டோடு நின்றாள். குலேந்திரன் நண்டின் காலைக் கடைவாயில் வைத்து நொறுக்கினார். சாறு நாடிவழியே இறங்கி உள்ளங்கைக்கு வந்தது. அதை நக்கினார். நொறுங்கிய ஓட்டுக் கோதுகளைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். அந்த நேரம் காற்று திரும்பி, யன்னலால் நாற்றம் ஒரு கூட்டமாக உள்ளே வந்தது.

மாப்பிள்ளையே மூக்கைச் சுருக்கினார். "என்ன மாமி, ஒரு மாதிரி மணக்குது?"

"அது நண்டுக் கோது, தம்பி," என்றாள் நல்லம்மா.

"தோட்டத்துக்குப் பசளை போட்டவங்கள்," என்றார் அருளம்பலத்தார் அதே நேரத்தில்.

முருகேசுவும் பந்தியில் இருந்தார். "எனக்குத் தடிமன்," என்று தொடங்கினார்.

குணலட்சுமி சோற்றுத் தட்டை மேசையில் வைத்தாள். "உங்கடை கூரை மணக்குது, அத்தான்."

நண்டு நொறுங்கும் சத்தம் நின்றது.

"எடி!" என்றாள் நல்லம்மா.

"கூரை ஒழுகி என்ரை விதை அழுகுது. எல்லாற்றையும்தான் அழுகுது. ஒருத்தருக்கும் மூக்கில்லை. எழும்பி வந்து பாருங்கோ. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. கழுவாட்டிலும் பரவாயில்லை, அங்கை இதைவிட மோசம்."

மாப்பிள்ளைக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்ற அருளம்பலத்தாருக்கு எழும்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மடியிலிருந்து திறப்பை எடுத்தார். கதவு திறந்ததும் வடக்குக் கரையிலிருந்து சிறு ஈக்கள் புகைபோல எழும்பின. மேலே கட்டியிருந்த பிடிகளின் வெளிச்சருகு கறுத்துச் சுருங்கி, உள்ளே கூழாகி, கூழ் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்து தேங்கியிருந்தது. தேங்கியதில் புழு நெளிந்தது. குணலட்சுமி தன் பிடி ஒன்றைத் தொட்டாள். விரல் தடையில்லாமல் உள்ளே போயிற்று. சளியைத் தொட்டதுபோல இருந்தது. தொடர்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். முன்வரிசை போய்விட்டது. பின்வரிசையில் இன்னும் கடினமாகச் சில இருந்தன. அவை போதும். இன்னொரு மழை வராவிட்டால் போதும்.

தலைக்குமேல் மூட்டு மூட்டாகத் தகரத்தின் கரைகள் வடக்கைப் பார்த்துப் பிளந்திருந்தன. ஒவ்வொரு பிளவிலும் ஒரு வரிசைத் துளிகள் தொங்கின.

குலேந்திரன் அண்ணாந்து பார்த்தார். நாடாவை ஒருமுறை இழுத்து விட்டார். சர்க்.

"இது ஒழுக்கு இல்லை, மாமா. தகரத்துக்கு வேர்க்கிறது. வெளியிலை குளிர், உள்ளை சூடு. நல்ல தகரம் எண்டால் வேர்க்கும்."

"அதுதானே," என்றார் அருளம்பலத்தார். முகத்தில் உயிர் வந்துவிட்டது. "வேர்வை."

"தண்ணி இப்பிடி ஊத்துது, இது வேர்வையோ?" என்றாள் குணலட்சுமி.

"நீ கூரை போட்டனியோ? தம்பி போட்டவர். அவருக்குத் தெரியாததோ?"

மாப்பிள்ளை வாசலில் நின்று பல்லிடுக்கில் இருந்த நண்டுச் சதையை விரலால் எடுத்துப் பார்த்து, திரும்ப வாயில் போட்டார். பொழுதுபடும்முன் மிச்சக் குழம்பை வாளியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். கதவுக்குத் திரும்பவும் பூட்டு.

ஆனால் அன்றிரவு முருகேசுவின் தடிமன் மாறிவிட்டது. கதவு திறந்து கிடந்த அரைமணி நேரத்தில் அவர் தன் வெங்காயத்தையும் பார்த்துவிட்டார். அடுத்த நாள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து படலையில் நின்றார். "தலைவர், வேர்வை எண்டே வைப்பம். வேர்வையைத் துடைக்கத் தெரிஞ்ச ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்த இளவாலையான் இருக்கிறான்தானே." போகத் தயாராய் ஒருவரும் இல்லை. கடைசியில் தலைவரும், தனியே போகக் கூச்சப்பட்ட தலைவருக்குத் துணையாகக் குணலட்சுமியும் வாடகைக் காரில் இளவாலைக்குப் போனார்கள். அருளம்பலத்தார் சந்திகளில் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

சிமியோனின் வீடு சின்னது. தகரக் கூரை. அவர் வாசலுக்கு வந்து "வாங்கோ ஐயா, இருங்கோ" என்றார். அருளம்பலத்தார் கதிரையின் நுனியில் இருந்தார். வந்த காரியத்தை, மாப்பிள்ளை சொன்ன வேர்வைக் கதையோடு, ஒரே மூச்சில் சொன்னார். ஈசான மூலையை மட்டும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் கழட்டித் தெற்கிலையிருந்து திருப்பிப் போடவேணும்," என்றார் சிமியோன். "போடலாம். நாளைக்கே வாறன். முதலிலை தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவருடைய மனைவி கத்தரீனா தட்டத்தோடு வந்தாள். பொன்கரை போட்ட கிளாஸ்கள், வீட்டில் உள்ளதிலே நல்லவை. பக்கத்தில் பிஸ்கற். குணலட்சுமி எடுத்துக்கொண்டாள். அருளம்பலத்தாரின் கிளாஸ் அவர் முன்னால் ஸ்ரூலில் ஆவி விட்டது.

"எனக்குச் சலரோகம்," என்றார் அவர்.

"சீனி போடேல்லை, ஐயா," என்றாள் கத்தரீனா. "தனியாய்த்தான் வைச்சிருக்கிறன்."

"இண்டைக்கு விரதம்."

"திங்களோ? விரதத்துக்கும் தேத்தண்ணி குடிப்பினமே," என்றார் சிமியோன்.

"வயிறும் சரியில்லை."

"இஞ்சி போட்டது."

அதற்குமேல் அவரிடம் நோய் இருக்கவில்லை. கையை நீட்டினார். விரல்கள் கிளாஸுக்கு ஒரு அங்குலத்தில் நின்றன. நெற்றியில் துளித்துளியாக நீர் அரும்பியது. குணலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மிடறு. ஊர் முழுவதின் விதை அந்த ஒரு மிடற்றில் இருந்தது. கொட்டகைக்குள் புழுவைப் பார்த்தபோது சுருங்காத முகம் இந்தக் கிளாஸைப் பார்த்துச் சுருங்கியது.

மழை தொடங்கியது. காற்றோடு வந்து கூரையில் உரலில் இடிப்பதுபோல இடித்தது. குணலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு துளி இல்லை. அவளுடைய வெங்காயத்தின் பின்வரிசை இந்த நேரம் நனைந்துகொண்டிருக்கும்.

"குடியுங்கோ, பெரியப்பா."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, ஐயா," என்றார் சிமியோன். கோபம் காட்டவில்லை. வெற்றிலையைக் கன்னத்துக் கொடுப்புக்கு மாற்றினார். "உங்களுக்கு வயிறு. எனக்கு முதுகுப் பிடிப்பு. கூரையிலை ஏறேலாது."

குணலட்சுமி தன் கிளாஸை முடித்தாள். பிறகு பெரியப்பாவின் கிளாஸை எடுத்து, ஆறிப்போன அதையும் முழுதாகக் குடித்தாள். இஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா," என்று கத்தரீனாவைப் பார்த்தாள். "என்ரை விதைவெங்காயம் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கு. மார்கழிமட்டும் உங்கடை கூரைக்குக் கீழை தூக்கலாமோ?"

கத்தரீனா புருசனைப் பார்க்கவில்லை. கூரை மரத்தைப் பார்த்தாள். "அந்த வளையிலை கட்டலாம். கயிறு நான் தாறன்."

"நத்தார்ப் பெருநாளுக்குச் சனம் வந்து மணக்குது எண்டு சொன்னால், கூரைக்கு வேர்க்குது எண்டு சொல்லிச் சமாளிப்பம்," என்றார் சிமியோன்.

அருளம்பலத்தார் எழும்பிவிட்டார். "இந்த வீட்டிலை தூக்கினதை எங்கடை மண்ணிலை நடப்போறியோ?"

"உங்கடை கொட்டகையிலை தூக்கினதை நடேலாது, பெரியப்பா. அது ஊத்தித்தான் விடலாம். திறப்பைத் தாங்கோ."

அவர் வாசலில் நின்றார். உள்ளே சிமியோன், வெளியே கார்ச் சாரதி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவளுடைய சின்ன வயதில் அவர் பிடித்து நடத்திய கை. அவர் திறப்பைக் கையில் வைக்கவில்லை. ஒரு சாண் மேலே பிடித்து, அவள் உள்ளங்கைக்குள் போட்டார். பட்டுவிடாமல்.

திறப்பு விழுந்த இடத்தில் கொஞ்சம் நொந்தது. குணலட்சுமி அதைப் பொத்திக்கொண்டாள். அழுகிய வெங்காயத்தின் மணம் இன்னும் அந்த விரல்களில் இருந்தது. இனிப் பெரியப்பா வீட்டில் தனக்கும் ஒரு தகரப் பேணி இருக்கும் என்று நினைத்தாள். அடுக்களைத் தட்டுக்குக் கீழே, தவிட்டோடு.

பெரியப்பாவைப் பின்சீற்றுக்கு விட்டுவிட்டு, காரின் முன்கதவைத் திறந்து சாரதிக்குப் பக்கத்தில் ஏறினாள். "கெதியாய்ப் போங்கோ, அண்ணை," என்றாள். "பின்வரிசையும் அழுக முதல் கொட்டகையைத் திறக்கவேணும்."